பெயர் தெரியாத முன்னோரும் பிதிர்க்கடனும்

தமிழில் 'கடன்' என்னும் சொல் கடமையையும் குறிக்கும்; பிறரிடம் பெற்றுத் திருப்பித் தர வேண்டிய பொருளையும் குறிக்கும். காலைக்கடன், நீர்க்கடன், நேர்த்திக்கடன், பிதிர்க்கடன் என்று அது சேரும் இடமெல்லாம் இந்த இரு பொருள்களும் ஒன்றையொன்று விடாமல் நிற்கின்றன. அந்தணன் பிறக்கும்போதே மூன்று கடன்களோடு பிறக்கிறான் என்றும், ரிஷிகளுக்கு உரியதைக் கல்வியாலும், தேவர்களுக்கு உரியதை வேள்வியாலும், பிதிரர்களுக்கு உரியதை மக்கட்பேற்றாலும் அவன் அடைக்க வேண்டும் என்றும் தைத்திரீய சங்கிதை கூறுகிறது. திருக்குறளோ இதை ஒரு வருணத்துக்கு மட்டும் உரியதாக வைக்காமல், இல்வாழ்வான் பேண வேண்டியவர்களின் வரிசையில் தென்புலத்தாரை, அதாவது தென்திசையில் உறைவதாகக் கருதப்படும் முன்னோரை, முதலில் நிறுத்துகிறது. கடன் என்றால் அதற்கு உரியவர் ஒருவர் இருக்க வேண்டும். அப்படியானால், முன்னோரின் பெயரையும் ஊரையும் இழந்துவிட்ட ஒரு குடும்பம் அந்தக் கடனை யாருக்குச் செலுத்தும் என்பதும், ஆங்கிலேயர் காலத்துப் பதிவேடு ஒன்றில் அந்தப் பெயர் திரும்பக் கிடைத்தால் கடன் அடைந்துவிட்டதாகக் கொள்ளலாமா என்பதும், சித்தூரையும் திருப்பதியையும் சேர்ந்த பல குடும்பங்களின் வரலாற்றில் உண்மையாகவே எழுந்து நிற்கும் கேள்விகள்.

இக்கேள்விக்கு அடிப்படையான நிகழ்ச்சி 1860ஆம் ஆண்டில் தொடங்குகிறது. அவ்வாண்டு அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல், நவம்பர் 16ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் குடியேற்றத்திலுள்ள டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று முதல் 1911 வரை, இடையில் 1866 முதல் 1874 வரை நின்றிருந்த காலம் நீங்கலாக, கரும்புத் தோட்டங்களுக்கும் பிற வேலைகளுக்கும் கொண்டு செல்லப்பட்ட இந்தியர் 1,52,184 பேர். இவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்கள். சென்னை மாகாணத்தின் வட ஆற்காடு ஜில்லா ஆட்களை மிகுதியாக அனுப்பிய ஜில்லாக்களுள் ஒன்று. அந்த ஜில்லாவின் தலைநகராக 1911 வரை இருந்தது சித்தூர். ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856இல் இருப்புப்பாதை போடப்பட்டிருந்ததால், ஜில்லாவின் உள்ளிருந்து சென்னைக்கு ஆள் சேர்த்துக் கொண்டுபோவது முன்னைவிட எளிதாயிற்று. 1876 முதல் 1878 வரை நீண்ட தாது வருஷப் பஞ்சம், ஊரை விட்டு அசையாதவர்களையும் அசைய வைத்தது. ஐந்தாண்டு ஒப்பந்தம், முதல் ஆண்டில் மாதம் 10 ஷில்லிங், பிறகு ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் உயர்வு, பத்தாண்டு முடிந்தால் ஊர் திரும்ப இலவசக் கப்பல் என்பவை அவர்களுக்குச் சொல்லப்பட்ட நிபந்தனைகளில் முக்கியமானவை.

போனவர் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் தரப்பட்டது. அந்த எண்ணுக்கு நேரே அவருடைய பெயர், தந்தை பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலில் உள்ள அடையாளம் ஆகியவை கப்பல் பட்டியலில் எழுதப்பட்டன. கணுக்காலில் தழும்பு, கன்னத்தில் மச்சம் என்பது போன்ற அந்த அடையாளங்கள், தப்பி ஓடினால் பிடிப்பதற்காகவும் ஓர் ஆளுக்குப் பதில் வேறோர் ஆள் நிற்காமல் இருப்பதற்காகவும் எழுதப்பட்டவை. ஆயினும் இன்று அந்தப் பட்டியலைப் புரட்டும் கொள்ளுப்பேரனுக்கு, முகம் தெரியாத அந்த மனிதரின் உடலைப் பற்றிக் கிடைக்கும் ஒரே செய்தி அந்தத் தழும்புதான். நெருப்பு சுட்டதா, மாடு முட்டியதா, சிறுவயதில் மரத்திலிருந்து விழுந்ததா என்பது அவரோடு போயிற்று. தழும்பு மட்டும் எஞ்சியது. இப்பட்டியல்கள் டர்பனில் பாதுகாக்கப்பட்டுள்ளன. வரலாற்றாசிரியர் ஜாய் பிரெயின் அவற்றைக் கணினியில் ஏற்ற உழைத்ததாலும், சுரேந்திர பானா அவற்றை ஆராய்ந்து 1991இல் நூல் வெளியிட்டதாலும், சாதாரணக் குடும்பங்களும் தங்கள் மூதாதையைத் தேடும் வழி பிறந்தது.

பதிவேட்டில் உள்ளதை எந்த அளவுக்கு உண்மை என்று கொள்வது என்னும் கேள்வியை இந்திய அளவை நூல்கள் நெடுங்காலம் முன்பே வேறொரு வடிவில் ஆராய்ந்துள்ளன. அளவை என்பது உண்மையை அறியும் வழி; காட்சி, கருதல், உரை என்னும் மூன்றும் அவற்றுள் தலையானவை. உரை, அதாவது பிறர் சொல், எப்போது அளவையாகும் என்று கேட்டு, சொல்பவர் ஆப்தராக இருந்தால் ஆகும் என்று நியாய நூல் விடை கூறுகிறது. ஆப்தர் என்பவர் பொருளை உள்ளவாறு அறிந்தவராகவும், அறிந்தவாறே பிறருக்குச் சொல்லும் விருப்பம் உடையவராகவும் இருக்க வேண்டும். கப்பல் பட்டியலை எழுதிய குமாஸ்தாவுக்கு முதல் தகுதி இல்லை. தமிழும் தெலுங்கும் காதில் விழுந்த ஒலியை அவர் ஆங்கில எழுத்தில் பிடிக்க முயன்றார். எழுதச் சொன்னவரிடமோ இரண்டாம் தகுதி எப்போதும் இருந்திருக்க வேண்டும் என்பதில்லை. கடன்காரரிடமிருந்தோ, குடும்பச் சண்டையிலிருந்தோ, ஊர்க்கட்டுப்பாட்டிலிருந்தோ விலகி ஓடியவர் தம் உண்மைப் பெயரைச் சொல்ல எந்தக் காரணமும் இல்லை. எனவே பட்டியலை ஆப்தவாக்கியமாக ஏற்பதைவிட, புகையைக் கண்டு நெருப்பைக் கருதுவதுபோல் கருதலுக்கு உதவும் குறியாகக் கொள்வதே முறை.

அப்படிக் கொண்டால் பட்டியலின் பிழைகளும் பேசத் தொடங்கும். ஆங்கிலேயர் திருப்பதியைத் 'திரிபெட்டி' என்பது போல எழுதினர். திருப்பத்தூரும் ஏறக்குறைய அதே ஒலியோடு வந்து நிற்கும். திருப்பத்தூர் தாலுகா 1911 வரை சேலம் ஜில்லாவில் இருந்தது என்பதை அறிந்தவர், ஜில்லாவின் பெயரைக் கொண்டு இரண்டையும் பிரித்துவிடலாம். சித்தூர், பலமநேர், சந்திரகிரி தாலுகாக்கள் வட ஆற்காட்டிலிருந்தும், மதனப்பள்ளி, வாயல்பாடு தாலுகாக்கள் கடப்பையிலிருந்தும் பிரிக்கப்பட்டுச் சித்தூர் ஜில்லா 1911 ஏப்ரல் 1ஆம் நாள் உருவாயிற்று. திருத்தணி 1960இல் சென்னை மாநிலத்துக்கு வந்தது. திருப்பதி 2022 ஏப்ரலில் தனி மாவட்டமாயிற்று. வட ஆற்காடு என்று பட்டியலில் கண்ட ஒருவர் இன்று இரண்டு மாநிலங்களில் தேட வேண்டியிருக்கிறது. சாதி என்னும் பத்தியிலும் இதே நிலைதான்: தொடக்க காலப் பட்டியல்களில் அங்கே 'மலபார்' என்றும் 'ஜெண்டு' என்றும் எழுதப்பட்டிருப்பதுண்டு. இவை சாதிப் பெயர்கள் அல்ல. முன்னது தமிழரையும் பின்னது தெலுங்கரையும் குறிக்க ஆங்கிலேயர் வழங்கிய சொற்கள்.

பெயர்களைப் பற்றி இன்னும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வேங்கடசாமி, கோவிந்தன், ஏழுமலை, திருவேங்கடம், சீனிவாசன் முதலியவை அந்த நிலப்பகுதியில் வீட்டுக்கு ஒன்றாக வழங்கிய பெயர்கள். தந்தை பெயர் கோவிந்தன், மகன் பெயர் ஏழுமலை என்ற ஒரு பதிவு எந்த ஒரு மனிதரையும் தனித்துக் காட்டாது. ஆனால் அந்தக் குடும்பம் எந்த மலையை நோக்கிக் கைகூப்பியது என்பதைத் தெளிவாகக் காட்டும். பேரன் என்ற சொல்லே பெயரன், அதாவது பாட்டனின் பெயரைத் தாங்குபவன், என்னும் பொருளில் வந்தது. நேட்டாலில் இவ்வழக்கம் வேறொரு வடிவம் கொண்டது: முதலில் வந்தவரின் சொந்தப் பெயரே பல வீடுகளில் குடும்பப் பெயராக உறைந்துவிட்டது. முனுசாமி, பெருமாள், சின்னசாமி என்று கடைசிப் பெயர் கொண்ட தென்னாப்பிரிக்கத் தமிழர், யாரென்று அறியாமலே தம் மூதாதையின் பெயரைக் கையெழுத்துப் போடும்போதெல்லாம் எழுதுகின்றனர்.

இனிச் சாத்திரம் பெயரை எவ்வளவு தூரம் கேட்கிறது என்று பார்க்கலாம். சிராத்தத்தில், அதாவது முன்னோருக்குச் சிரத்தையோடு செய்யும் சடங்கில், தந்தைவழி ஆண்களில் கோத்திரமும் பெயரும் சொல்லிப் பிண்டம் வைப்பது தந்தை, பாட்டன், முப்பாட்டன் ஆகிய மூவருக்கே. இம்மூவரும் முறையே வசு, ருத்திரர், ஆதித்தியர் என்னும் தேவ வடிவில் கருதப்படுகின்றனர். அத்தேவர்கள் மகிழ்ந்து, இறந்தவரை மகிழ்விக்கின்றனர் என்று யாக்ஞவல்கிய ஸ்மிருதி கூறுகிறது. இறந்தவர் மறுபிறவி எடுத்துவிட்டால் பிண்டம் யாரைச் சேரும் என்ற பழைய ஐயத்துக்கு இதுவே விடை. முப்பாட்டனுக்கும் மேலே உள்ள மூன்று தலைமுறையினருக்குத் தனிப் பிண்டம் இல்லை. பிண்டம் பிடித்த கையில் ஒட்டியிருக்கும் சோற்றைத் தர்ப்பையில் துடைக்கும்போது அந்த ஒட்டுதலே அவர்கள் பங்கு. அதனால் அவர்களை லேபபாகிகள் என்பர், லேபம் என்றால் பூச்சு அல்லது ஒட்டியது. அதற்கும் அப்பால் உள்ளோர், தெரிந்தோரும் தெரியாதோருமான பிதிரர் என்னும் ஒரே அழைப்பில் அடங்குகின்றனர். கோத்திரம் அறியாதவர் காசியப கோத்திரம் என்றோ, கோயிலில் சிவ கோத்திரம், விஷ்ணு கோத்திரம் என்றோ சொல்வதும் வழக்கில் உள்ளதே. கப்பல் ஏறியவர்களில் பெரும்பாலோர் இந்தச் சிராத்த முறைக்குள் இருந்தவர்களும் அல்லர். அவர்கள் வீட்டு வழிபாடு படையல். சித்தூர்ப் பகுதித் தெலுங்கில் முன்னோர் 'பெத்தலு', பெரியவர்கள், என்னும் பன்மைச் சொல்லாலேயே அழைக்கப்படுகின்றனர். புதுத்துணி வைத்து, இலை போட்டு, பிடித்த பண்டம் படைத்து, கதவைச் சற்றே சாத்திக் காத்திருக்கும் அந்த வழிபாட்டில் யாருடைய பெயரும் விடுபடுவதில்லை, ஏனெனில் யாருடைய பெயரும் கேட்கப்படுவதில்லை.

1877இல் இருபத்தைந்து வயதில் கப்பல் ஏறிய ஒருவர், இன்று ஐம்பது வயதை எட்டிய வழித்தோன்றலுக்குப் பெரும்பாலும் முப்பாட்டனுக்கும் மேலே நிற்பவர். சாத்திரக் கணக்கில் அவர் கையில் ஒட்டிய சோற்றுக்கு உரியவர். படையல் கணக்கில் பெத்தலுவுள் ஒருவர். எந்த வழியில் பார்த்தாலும் அவருடைய பெயரைக் கண்டுபிடிக்கும்படி சமயம் வற்புறுத்தவில்லை. அப்படியிருந்தும் டர்பனிலிருந்து சித்தூர் வரை வந்து பெயரைத் தேடுவோரின் தேடல் வீண் என்று சொல்லிவிட முடியாது. அது பிதிர்க்கடனின் பாற்பட்டதாகத் தோன்றினாலும், உண்மையில் நீதியின் பாற்பட்டது. தலைமுறைகள் செல்லச் செல்ல ஒரு பெயர் தானே கரைந்து பெரியவர்கள் என்னும் பொதுமையில் கலப்பது இயற்கை. சமயம் அந்த மறதியை ஏற்று அதற்கு இடமும் வகுத்திருக்கிறது. உயிரோடு இருக்கும்போதே ஒருவரின் பெயருக்குப் பதில் எண்ணை வைத்து, அந்த எண்ணால் கூலி கொடுத்து, அந்த எண்ணால் தண்டித்து, அந்த எண்ணாலேயே இறப்பையும் குறித்துக்கொள்வது வேறு வகையைச் சேர்ந்தது. முன்னது மறதி, பின்னது பறிப்பு. மறந்த பெயரை மீட்க வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. பறித்த பெயரை மீட்க வேண்டிய கடமை உண்டு.

தேடலின் மறுமுனையில், ஊரில் விட்டுச் செல்லப்பட்டவர்கள் இருந்தனர் என்பதை இவ்வாராய்ச்சியில் பலரும் மறந்துவிடுகின்றனர். காணாமற்போனவரைப் பற்றி ஏழாண்டு செய்தி இல்லையெனில் அவர் இறந்ததாகக் கொள்ளலாம் என்று 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் வகுத்தது. தர்ம சாத்திர நூல்கள் பொதுவாகப் பன்னிரண்டு ஆண்டு காத்திருக்கச் சொல்லும். அதன்பின் தர்ப்பையாலும் பலாச இலைக்காம்புகளாலும் ஓர் உருவம் செய்து, அதை அவர் உடலாகப் பாவித்து எரித்துக் கருமம் செய்ய வேண்டும். அப்படிக் கருமம் செய்யப்பட்டவர் பிறகு உயிரோடு திரும்பி வந்தால், அவரை நெய்யால் நீராட்டி, புதிதாகப் பிறந்த குழந்தைக்குச் செய்யும் சடங்கு முதல் எல்லாவற்றையும் மீண்டும் செய்து சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றும் விதி உண்டு. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் நேட்டாலில் பத்தாண்டு கழித்து, திரும்பும் கப்பலுக்குப் பெயர் கொடுக்கலாமா என்று எண்ணிக்கொண்டிருந்த காலத்தில், சித்தூருக்கு அருகே ஒரு சிற்றூரில் அவருக்காக அழுது முடித்திருக்கக்கூடும். கடல் கடந்து செல்வதைப் பௌதாயன தர்ம சூத்திரம் பதிதராக்கும் செயல்களுள் ஒன்றாக வைத்துள்ளது என்பது பலரும் அறிந்ததே; இருபிறப்பாளரை நோக்கிய அவ்விதியைவிட, திரும்பினால் தம் இடத்தில் வேறொருவர் இருப்பாரோ என்ற அச்சமே ஏழைக் குடியானவரைத் திரும்பவிடாமல் தடுத்திருக்க வாய்ப்பு மிகுதி.

மறைத்தவரின் மறைப்பைக் கலைக்கலாமா என்னும் கேள்வியும் இங்கே வருகிறது. சித்தூரிலிருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில், பாஹுதா ஆற்றங்கரையில் உள்ள காணிப்பாக்கம் வரசித்தி விநாயகர் சத்தியத்தின் தெய்வம். அவர் சந்நிதியில் பொய்ச் சத்தியம் செய்ய யாரும் துணிவதில்லை என்பது வட்டாரத்தின் உறுதியான நம்பிக்கை. வழக்கு வந்தால் காணிப்பாக்கத்தில் வந்து சத்தியம் செய் என்று கேட்பது இன்றும் உண்டு. அத்தகைய மண்ணில் பிறந்த ஒருவர், சென்னைத் துறைமுகத்தில் வேறு பெயரோ வேறு சாதியோ சொல்லியிருந்தால், அதைப் பொய் என்று எடை போடுவது எளிது. அவரை எதிரே நிறுத்திக் கேட்டவர் தெய்வமல்லர், கூலி முகவர் என்பதை நினைக்க வேண்டும். தீண்டாமையின் சுமையைத் தாங்கியிருந்த ஒருவர் கடலின் அக்கரையில் அந்தச் சாதிப்பெயர் இல்லாமல் இறங்க விரும்பினார் எனில், அவர் தம் மக்களுக்கு விட்டுச்சென்ற சொத்து அதுவே. இன்றைய வழித்தோன்றல் அந்தப் பத்தியைத் திறந்து, உயர்ந்த சாதி கிடைத்தால் மகிழ்வதும் கிடைக்காவிட்டால் மறைப்பதும் மூதாதைக்குச் செய்யும் பெரிய அவமதிப்பு. பட்டியலிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை ஊரும் பெயரும் தழும்பும். சாதிப் பத்தியை வரலாற்றாசிரியருக்கு விட்டுவிடலாம்.

பட்டியல் சொல்லாததை வீட்டு வழக்கம் சொல்வதுண்டு. தென்னாப்பிரிக்கத் தமிழ்க் குடும்பங்கள் பல இன்றும் புரட்டாசி மாதம் முழுவதும் புலால் நீக்கி, சனிக்கிழமைதோறும் பெருமாளுக்கு விளக்கேற்றி, கோவிந்தா என்று கூவி வழிபடுகின்றன. எந்த ஊரிலிருந்து வந்தோம் என்பது மறந்த வீட்டிலும் இந்தச் சனிக்கிழமை மறக்கவில்லை. திருமலைத் தெய்வத்தைத் தெலுங்கில் 'வட்டிகாசுலவாடு', வட்டிக்காசுக்காரர், என்பர். தம் திருமணத்துக்குக் குபேரனிடம் வாங்கிய கடனுக்குக் கலியுகம் முடியும் வரை வட்டி கட்டிக்கொண்டிருப்பவர் அவர் என்பது தலபுராணக் கதை. கடன்பட்ட தெய்வத்திடம் மக்கள் நேர்த்திக்கடன் வைக்கின்றனர். மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்து, எண்ணியது நடந்தபின் மலையேறி உண்டியலில் சேர்க்கின்றனர். வைத்தவர் இறந்துவிட்டால் அவர் மக்கள் செலுத்த வேண்டும், தவறினால் கடன் வளரும் என்பது குடும்பங்களில் வழங்கும் நம்பிக்கை.

அந்தக் காசுக்கும் பதிவேடு உண்டு. 1801 முதல் 1843 வரை திருமலைக் கோயிலின் நிர்வாகம் கிழக்கிந்தியக் கம்பெனியிடம், சித்தூரிலிருந்த கலெக்டரின் மேற்பார்வையில், இருந்தது. 1821இல் புரூஸ் என்னும் அதிகாரி 42 விதிகள் கொண்ட நிர்வாக முறையை வகுத்தார். 1843இல் அது ஹாதிராம்ஜி மடத்தின் மகந்துகளிடம் சென்று, 1933இல் தேவஸ்தான நிர்வாகத்துக்கு வந்தது. கணக்கு காசைக் குறித்தது. காசை முடிந்தவர் யார், எதற்காக முடிந்தார் என்பது கணக்கின் கவலையன்று. வருவாய்த் துறையின் ஏடுகளும் இப்படியே: பட்டாவும் சிட்டாவும் நிலம் உடையவரின் பெயரைத் தாங்கின, அடங்கல் பயிரைத் தாங்கியது, பிறர் நிலத்தில் கூலிக்கு உழைத்தவர் அவற்றில் எங்கும் இல்லை. கப்பல் ஏறியவர்களில் பெரும்பகுதியினர் அத்தகையவர்களே. அவர்கள் பெயர் ஒரு ஏட்டில் முதன்முதலாக எழுதப்பட்டது அவர்கள் ஊரைவிட்டுப் போன நாளில்தான். ஊரில் யார் இருந்தார், யார் போனார் என்பதை வாய்மொழியாக அறிந்திருந்த பரம்பரைக் கர்ணம் பதவியும் ஆந்திரப் பிரதேசத்தில் 1984இல் ஒழிக்கப்பட்டது. நியாயமான காரணங்களுக்காகவே ஒழிக்கப்பட்டது என்றாலும், அதனோடு பல வீட்டுப் பரண்களில் இருந்த ஏடுகளும் சிதறின.

ஊரில் எஞ்சியிருப்பது முதியவர்களின் நினைவு மட்டுமே. 'எங்கள் தாத்தாவின் அண்ணன் ஒருவர் கப்பலில் போனார், திரும்பவில்லை' என்று சொல்லும் கிழவர்களும் கிழவிகளும் சித்தூர், புத்தூர், நகரி, சந்திரகிரிப் பக்கத்து ஊர்களில் இருந்தால், அவர்கள் சொல்வதை வீட்டார் இன்றே எழுதி வைக்க வேண்டும்: போனவர் பெயர், அவர் தகப்பன் பெயர், குலதெய்வம், உடலில் இருந்த அடையாளம். கூடவே அவரைப் பெற்றவளின் பெயரையும் கேட்டு எழுத வேண்டும். சிராத்தத்தில் தாய், பாட்டி, முப்பாட்டி ஆகிய மூவருக்கும் பெயர் சொல்லி இடம் உண்டு. கப்பல் பட்டியலில் தந்தை பெயருக்கு ஒரு பத்தி இருக்கிறது, தாயின் பெயருக்கு இல்லை.